பெற்றோருக்கு உயில் எழுத எவ்வளவு ஆகும்? லாயரிடம் போவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் உயில் எழுத எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “அப்பா அம்மா வீடு எந்த முறையில் பதிவாகியிருக்கிறது?” என்றுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அது தெரியாமல் போனால், லாயர் சொல்லும் தொகை நியாயமா அதிகமா என்று நமக்கும் புரியாது. எதை எழுத வேண்டும் என்று அவருக்கும் புரியாது.

என் பெற்றோருக்கு எழுதி முடித்தேன். அப்புறம் சித்தப்பா வீட்டுக்கு, கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் வீட்டுக்கு என்று நானும் கூடப் போனேன். எல்லா இடத்திலும் பார்த்தது ஒன்றுதான்: உயிலுக்கு ஆகும் செலவைவிட, வரிசை தப்பிச் செய்வதால் ஆகும் செலவு அதிகம். இலவசமாக முடியக்கூடியதை முதலில் முடித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் காசு கொடுங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. பேச்சை உயிலில் தொடங்காதீர்கள்

“உயில்” என்ற சொல்லைக் கேட்டதும் என் அம்மா, “இப்ப எதுக்குடா இந்தப் பேச்சு, எனக்கு என்ன ஆச்சு?” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் வீணானது. அப்புறம் மத்திய சேமநிதி (சிபிஎஃப்) நியமனத்தைப் பற்றி, அதாவது இறந்த பிறகு அந்தப் பணம் யாருக்கு என்று பெயர் குறிப்பதைப் பற்றிப் பேசினேன். அது அரசாங்கப் பாரம் நிரப்புகிற வேலை மாதிரித் தெரிந்ததால் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அங்கிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து உயிலுக்கும் பேச்சு தானாக நகர்ந்தது.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பயமுறுத்தாமல் சொல்லிவிடுங்கள். முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால், 1967ஆம் ஆண்டு உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு போகும். கணவன் அல்லது மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி சமமாக. பிள்ளைகள் இல்லாமல் துணையும் பெற்றோரும் இருந்தால், துணைக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. உடன்பிறந்தவர்கள் பேரில் அன்பு இருக்கிறது, வளர்ப்பு மகள் மாதிரி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பதையெல்லாம் அந்தச் சட்டம் பார்க்காது.

உயில் எழுத 21 வயது ஆகியிருக்க வேண்டும், மனத்தெளிவு இருக்க வேண்டும். வயது நம் பெற்றோருக்குப் பிரச்சினை இல்லை. இரண்டாவதுதான் தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கைநழுவுவது.

2. உயிலுக்குள் வராத சொத்துகளைப் பிரித்து எடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதனால் இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். ஒரு தாளில் எல்லாச் சொத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே “உயில் தொடும்”, “உயில் தொடாது” என்று குறியுங்கள்.

மத்திய சேமநிதிப் பணத்தை உயில் தொடாது. “என் சேமநிதியை மகளுக்குக் கொடுக்கிறேன்” என்று உயிலில் எழுதினாலும் அந்த வரிக்கு மதிப்பில்லை. நியமனம் செய்திருந்தால் நியமிக்கப்பட்டவருக்குப் போகும். இல்லையென்றால் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், ஒரு கட்டணமும் பிடித்துக்கொண்டு, சட்டப்படி பங்கு போடப்படும்.

வீட்டை உயில் தொடுமா என்பது பதிவான முறையைப் பொறுத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கணவன் மனைவி பெரும்பாலும் கூட்டு உரிமையாளர்களாகப் பதிந்திருப்பார்கள். அதில் ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் மற்றவருக்குத் தானாகப் போய்விடும். இறந்தவரின் உயிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பங்கு உரிமையாளர்களாக, அதாவது ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பதிந்திருந்தால், அவரவர் பங்கு அவரவர் உயிலின்படி போகும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக வீவக இணையப் பக்கத்தில் நுழைந்தால் வீட்டு விவரத்தில் இது இருக்கும். ஐந்து நிமிட வேலை.

என் அப்பா, “வீட்டுல எம் பங்க உனக்கும் தங்கச்சிக்கும் எழுதிடணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பார்த்தால் கூட்டு உரிமை. பிரித்து எழுத அவருக்கென்று தனிப் பங்கே இல்லை. முதலில் போகிறவருடைய உயில் வீட்டைத் தொடாது, கடைசியாக இருப்பவருடைய உயில்தான் வீட்டைத் தீர்மானிக்கும். யார் முதலில் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் இருவரும் எழுத வேண்டும். “அப்பா பேர்ல மட்டும் எழுதினாப் போதும், செலவு மிச்சம்” என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

காப்புறுதியில் நியமனம் செய்திருந்தால் அந்தப் பணமும் உயிலுக்கு வெளியே. 2009 செப்டம்பர் 1 முதல் இரண்டு விதமான நியமனம் நடப்பில் இருக்கிறது: விரும்பும்போது மாற்றக்கூடியது ஒன்று, மனைவி மக்களுக்கு அறக்கட்டளையாக (டிரஸ்ட்) ஆகிவிடுவது மற்றொன்று. இரண்டாவதைப் பின்னால் மாற்ற, நியமிக்கப்பட்டவர்களின் சம்மதமும் தேவைப்படும். பெயர் போடும்போது எதில் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள்.

கூட்டு வங்கிக் கணக்கு பெரும்பாலும் வங்கியின் விதிப்படி உயிரோடு இருப்பவருக்குப் போகும். தனிப்பெயரில் இருக்கும் சேமிப்பு, பங்குகள், நகை, கார், சேமநிதிப் பணத்தில் வாங்கிய முதலீடுகள் ஆகியவை உயிலுக்குள் வரும். கடைசியாகச் சொன்னது பலரை ஏமாற்றும். சேமநிதிப் பணத்தில் வாங்கியிருந்தாலும் அந்த முதலீட்டை நியமனம் மூடாது.

3. இலவச வேலைகளை முடியுங்கள்

சேமநிதி நியமனத்துக்குக் காசு இல்லை. இணையத்தில் செய்யலாம், 21 வயதான சாட்சிகள் இரண்டு பேர், அவர்களும் சிங்பாஸ் வழியாக உறுதி செய்ய வேண்டும். நியமிக்கப்படுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன் செய்த நியமனம் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். அப்பா 25 வயதில் தாத்தா பெயரைப் போட்டிருந்தால் அது எப்போதோ காலாவதி. ஆனால் விவாகரத்து நியமனத்தை ரத்து செய்யாது. உயிலுக்கும் இதே கதைதான்: மறுமணம் பழைய உயிலை அழிக்கும், விவாகரத்து அழிக்காது.

சேமநிதி உறுப்பினர்களுக்கான ஆயுள் காப்புறுதியான சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தனி நியமனம் வேண்டும். சேமநிதி நியமனம் அதை மூடாது.

இதெல்லாம் முடிந்த பிறகு பட்டியலைப் பாருங்கள். சில குடும்பங்களில் மிச்சம் இருப்பது நகையும் ஒரு சேமிப்புக் கணக்கும் மட்டும்தான். அப்படிப்பட்டவர்களுக்கு எளிய உயில் போதும், பெரிய பொட்டலம் விற்க வருபவரைத் தைரியமாகத் திருப்பி அனுப்பலாம்.

4. ஊர்ச் சொத்து உண்டா? இப்போதே சொல்லுங்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மனை, திருச்சியில் அண்ணன் தம்பியோடு சேர்ந்த வீடு என்று நம்மில் பலருக்கு ஏதாவது இருக்கும். அங்குள்ள நிலத்துக்கும் வீட்டுக்கும் இந்தியச் சட்டம்தான். சிங்கப்பூர் உயிலில் ஒரு வரியாக அதைச் சேர்த்துவிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே தனி உயில் எழுதுவது பின்னால் அலைச்சலைக் குறைக்கும். இந்தியாவில் உயிலுக்கு முத்திரைத்தாள் கட்டாயமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதும் விருப்பம்தான், ஆனால் சொந்தக்காரர்களுக்குள் இழுபறி இருந்தால் பதிந்துவிடுவது நல்லது.

இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. எந்த மாதிரி உயிலை எடுத்தாலும் முதல் பத்தியில், “இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்” என்று ஒரு வரி இருக்கும். ஊரில் போன வருஷம் எழுதிய உயிலை இங்கே இன்று கையெழுத்திடும் அந்த ஒரு வரி சாகடித்துவிடும். மறுபடி ஊருக்குப் போய்ப் பத்திர எழுத்தரிடம் புதிதாக எழுதினால், அவர் பாரத்தில் இருக்கும் அதே வரி இங்குள்ளதைச் சாகடிக்கும். “சிங்கப்பூரில் உள்ள சொத்துகள் சம்பந்தமாக மட்டும்” என்று இரண்டு பக்கமும் வரையறுத்து எழுதச் சொல்லுங்கள். சித்தப்பாவின் வரைவில் இதை நாங்கள் கையெழுத்துக்கு முதல் நாள் இரவுதான் கண்டுபிடித்தோம்.

பெயரும் ஒரு தலைவலி. இங்குள்ள அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கோவை, ஊர்ப் பட்டாவில் வேறொன்று, தகப்பனார் பெயர் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில். உயிலில் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதி, “இன்ன பெயராலும் அறியப்படுபவர்” என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

5. நான்கு முடிவுகள், அவர்கள் எடுக்க வேண்டியவை

லாயரின் நேரம்தான் கட்டணம். அங்கே போய் உட்கார்ந்து யோசித்தால் மணிக்கணக்கு ஏறும். வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

நிறைவேற்றுநர் யார்? உயிலில் சொன்னதை நடத்தி வைப்பவர். பங்கு பெறுபவரே நிறைவேற்றுநராகவும் இருக்கலாம், தடையில்லை. கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன், அவரும் இல்லையென்றால் பிள்ளைகளில் ஒருவர் என்று போடுவது வழக்கம். மூத்தவன் என்பதற்காக மூத்தவனைப் போடாதீர்கள். வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் அலையப் பொறுமை உள்ளவர், சிங்கப்பூரில் இருப்பவர், அவரைப் போடுங்கள்.

மாற்று யார்? “மகனுக்குப் பாதி” என்று எழுதி, அந்த மகன் முந்திக்கொண்டால்? இதைக் கேட்கக் கூசும். நான் கேட்டேன், அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “பேரப் பிள்ளைங்களுக்கு” என்றார். கேட்டதால்தான் பதில் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் அவர்கள் பங்கை யார் பிடித்து வைத்திருப்பது என்பதும் எழுதப்பட வேண்டும்.

மிச்சமெல்லாம் யாருக்கு? பட்டியலில் விட்டுப்போனவை, நாளைக்கு வரப்போகிறவை எல்லாவற்றையும் வாரி எடுக்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். தாங்களாகவே எழுதிக்கொள்ளும் உயில்களில் அதிகம் விட்டுப்போவது இதுதான். விட்டுப்போனால் அந்தப் பகுதிக்கு உயிலே இல்லாத மாதிரிச் சட்டம் நடத்தும்.

நான்காவது, வீட்டை என்ன செய்வது. பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொந்த வீவக வீடு இருந்தால், பெற்றோர் வீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. இரண்டில் ஒன்றை ஆறு மாதத்துக்குள் விட வேண்டியிருக்கும். ஆகவே “வீட்டை இருவருக்கும்” என்று மொட்டையாக எழுதுவதைவிட, விற்றுப் பணத்தைப் பிரிக்க நிறைவேற்றுநருக்கு அதிகாரம் கொடுத்து எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நகையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அம்மா ஒவ்வொரு நகைக்கும் ஒரு பெயர் சொன்னார்: எட்டுப் பவுன் ஆரம் தங்கைக்கு, கல் வைத்த வளையல் என் மனைவிக்கு, தாலிக்கொடி பேத்திக்கு. அப்படியே உயிலில் எழுதினால், நாளைக்கு அந்த ஆரத்தை மாற்றி வேறு செய்தாலோ விற்றாலோ அந்த வரி வெறும் வரியாகிவிடும். தங்கைக்கு அதற்குப் பதிலாக எதுவும் வராது. மாற்ற வேண்டுமானால் திரும்பவும் லாயர், திரும்பவும் காசு. நாங்கள் “நகைகள் அனைத்தும் மகளுக்கும் மருமகளுக்கும்” என்று உயிலில் எழுதிவிட்டு, எது யாருக்கு என்பதை அம்மா தன் கையால் தமிழில் ஒரு கடிதமாக எழுதி வைத்தார். அந்தக் கடிதம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. குடும்பத்துக்குள் நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்த வழி வேண்டாம்.

6. யாரிடம், எவ்வளவு

உயில் எழுதித் தர வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் விதி இல்லை. பெற்றோரே ஒரு தாளில் எழுதி முறைப்படி கையெழுத்திட்டாலும் செல்லும். முத்திரைக் கட்டணம் கிடையாது, நோட்டரி வேண்டாம். 2008 பிப்ரவரி 15 முதல் மரணச் சொத்து வரியும் இல்லை. “வரி மிச்சமாகும்” என்று யாராவது உயில் விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நான் விசாரித்த அளவில், நேரடியான உயிலுக்கு வழக்கறிஞர் அலுவலகங்கள் ஆளுக்கு 200 முதல் 500 வெள்ளி வரை சொன்னார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அமைப்பில் இரண்டு உயில் என்றால் இரண்டாவதற்குக் குறைத்துக்கொள்வார்கள். சிறு பிள்ளைகளுக்கோ உடற்குறையுள்ள பிள்ளைக்கோ அறக்கட்டளைப் பகுதி சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். இணையத்தில் கேள்விக்குப் பதில் சொல்லித் தயாரிக்கும் உயில் 100 வெள்ளி வட்டத்தில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் சரளமான, ஆரோக்கியமான, சண்டை சச்சரவு இல்லாத பெற்றோருக்கு அது போதும் என்பேன். என் பெற்றோருக்குப் போதாது. காரணம் எட்டாம் பகுதியில்.

விலை கேட்கும்போது இவற்றைச் சேர்த்துக் கேளுங்கள்: 9 விழுக்காடு ஜிஎஸ்டி உள்ளடங்கியதா, வரைவில் எத்தனை முறை திருத்தம், சாட்சிகளை அவர்களே தருவார்களா, வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வந்தால் எவ்வளவு, மொழிபெயர்ப்பாளருக்குத் தனிக் காசா, மூலப் பத்திரத்தை வைத்துக்கொள்ள வருடக் கட்டணமா. இதைக் கேட்காமல் 250 வெள்ளி என்று நம்பிப் போன ஒரு நண்பருக்குக் கடைசியில் பில் இரண்டு மடங்கு வந்தது.

“உயில் இலவசம்” என்ற விளம்பரத்தில், எழுதித் தருபவரே நிறைவேற்றுநராகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கலாம். அப்படியானால் காசு பின்னால், சொத்து மதிப்பில் விழுக்காடாகப் போகும். குடும்பத்தில் ஆள் இருக்கும்போது அது தேவையில்லாத செலவு.

சமூக மன்றங்களிலும் மற்ற இடங்களிலும் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போகலாம். சந்தேகம் தீர்ப்பார்கள், பத்திரம் எழுதித் தர மாட்டார்கள். லாயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வந்தால், எதைக் கேட்பது என்று தெளிவாகும்.

7. முதல் சந்திப்பு: நீங்கள் வெளியே

காசு நீங்கள் கொடுத்தாலும் லாயருக்குக் கட்சிக்காரர் உங்கள் அப்பா அம்மாதான். நல்ல லாயர் உங்களை அறைக்கு வெளியே உட்காரச் சொல்வார். கோபப்படாதீர்கள். அவர் சொல்லாவிட்டாலும் நீங்களே வெளியே போங்கள். பங்கு பெறும் பிள்ளை வாயாலேயே விவரம் வாங்கி, உயில் எழுதுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரம் தயாரிப்பதை 2009இல் ஒரு தீர்ப்பில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. பின்னால் யாராவது “அண்ணன் வற்புறுத்தி எழுத வெச்சான்” என்று கிளம்பினால், அந்த மூடிய கதவுதான் உங்களுக்குச் சாட்சி.

“வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்புங்க, ரெடி பண்ணிடறோம்” என்று ஓர் அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்கள். விலையும் குறைவு. அதனாலேயே அங்கே போகவில்லை.

எடுத்துப்போக வேண்டியவை: பெற்றோரின் அடையாள அட்டை, பங்கு பெறுபவர்கள் மற்றும் நிறைவேற்றுநர்களின் முழுப்பெயரும் அடையாள எண்ணும், வீட்டு விவரம், இரண்டாம் படியில் எழுதிய பட்டியல். வங்கி இருப்புத் தொகை வேண்டாம், எந்த வங்கி என்பது போதும்.

வயது 80ஐ நெருங்கினாலோ, மறதி தொடங்கியிருந்தாலோ, பக்கவாதம் வந்திருந்தாலோ, அந்த வாரமே ஒரு மருத்துவரிடம் மனத்தெளிவு பற்றிச் சான்று வாங்குங்கள். முடிந்தால் அந்த மருத்துவரே சாட்சியாக இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவில் கஞ்சம் வேண்டாம். உயிலைச் செல்லாததாக்க நினைப்பவர்கள் முதலில் பிடிப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

8. வரைவை வாசித்தல், தமிழில்

வரைவு ஆங்கிலத்தில் வரும். என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். இந்த நிலையில், பத்திரத்தின் கடைசியில் இது இன்னாரால் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டு ஒப்பினார் என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும், விளக்கியவரும் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறும் யாரும் அந்த வேலையைச் செய்யக் கூடாது. ஆகவே தமிழ் தெரிந்த லாயரையோ அலுவலக ஊழியரையோ முதலிலேயே கேட்டுப் பிடியுங்கள். தேக்கா பக்கமும் பீப்பிள்ஸ் பார்க் சென்டரிலும் தேடினால் கிடைப்பார்கள்.

தமிழில் விளக்கிய அலுவலகப் பெண், “மிச்சமெல்லாம்” என்ற பத்தியைச் சொன்னதும் என் அம்மா கை நீட்டி நிறுத்தி, “அப்ப சீட்டுப் பணமும் இதுல வந்துடுமா?” என்று கேட்டாராம். எனக்கே தெரியாத சீட்டு அது.

வரைவில் நீங்கள் பார்க்க வேண்டியது எண்களையும் எழுத்துக்களையும்தான். எங்கள் வரைவில் தங்கையின் அடையாள எண்ணின் கடைசி எழுத்து தப்பு. தங்கையின் பெயரிலும் ஓர் எழுத்துக் குறைவு. கையெழுத்துக்கு முன் அது ஓர் எழுத்துப்பிழை, பின்னால் அதை விளக்கவே ஒரு பிரமாணப் பத்திரம் எழுத வேண்டிவரும்.

9. கையெழுத்து நாள்

விதி சின்னது, தப்பினால் மொத்தமும் போகும். உயில் எழுதுபவர் கடைசியில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் அதே நேரத்தில் அதே இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். பின் அவர்கள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஒரு சாட்சி காலையில், இன்னொருவர் சாயங்காலம் என்பது செல்லாது. கையெழுத்தைத் தமிழில் போடலாம், பெருவிரல் ரேகையும் வைக்கலாம்.

சாட்சி பங்கு பெறுபவராக இருக்கக் கூடாது, பங்கு பெறுபவரின் கணவன் மனைவியாகவும் இருக்கக் கூடாது. இருந்தால் உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் போய்விடும். சித்தப்பா வீட்டில் அக்கம்பக்கம் யாரும் இல்லையென்று மாப்பிள்ளையைச் சாட்சியாக உட்கார வைத்திருந்தார்கள். நல்லவேளை, பேனா எடுக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். அந்த ஒரு கையெழுத்து விழுந்திருந்தால் சித்தப்பா மகளின் பங்கு முழுக்கப் போயிருக்கும். லாயர் அலுவலக ஊழியர்கள் இருவர் சாட்சி என்பதற்காகவே காசு கொடுத்துச் செய்யலாம்.

எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மா நல்ல நேரம் பார்த்தார். லாயரும் சிரிக்காமல் 10:30க்கு நேரம் ஒதுக்கினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பமிட்டு, கடைசிப் பக்கத்தில் அம்மா தன் பெயரை மெதுவாக, கூட்டெழுத்து இல்லாமல் எழுதினார். தேதியை யாராவது ஒருவர் பார்த்துச் சரிபாருங்கள். ஜனவரியில் போன வருஷத்தைப் போடும் கை நம் எல்லோருக்கும் உண்டு.

கையெழுத்தான பிறகு பேனாவால் எதையும் அடிக்கவோ சேர்க்கவோ கூடாது. சாட்சிகளோடு முறைப்படி செய்யாத திருத்தம் செல்லாது.

10. முஸ்லிம் பெற்றோருக்கு வரிசை வேறு

மேலே சொன்ன பங்குக் கணக்கு முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. சொத்து ஃபராயித் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பிரியும். உயிலால் மூன்றில் ஒரு பங்கு வரைதான், அதுவும் அந்த முறையில் வாரிசாக வராதவர்களுக்குத்தான் கொடுக்க முடியும். மீதிக்கு ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ்படி நடக்கும். இதில் பழக்கமுள்ள லாயரிடம் மட்டும் போங்கள். பொதுவான மாதிரி உயிலை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். கையெழுத்து, சாட்சி, பாதுகாப்பு பற்றி இங்கே சொன்ன எச்சரிக்கைகள் அவர்களுக்கும் உதவும்.

11. அதே நாளில் இன்னொரு பத்திரம்

உயில் இறந்த பிறகு வேலை செய்யும். உயிரோடு இருந்து, நினைவு தப்பிப் போனால் வங்கியிலும் மருத்துவமனையிலும் யார் முடிவெடுப்பது என்பதற்கு எல்பிஏ என்ற அதிகாரப் பத்திரம் வேண்டும். உயிலில் அதை எழுத முடியாது. சான்றளிக்க வழக்கறிஞர், மனநல மருத்துவர் அல்லது அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவர் வேண்டும். வழக்கறிஞர் எதிரே இருக்கும்போதே இதையும் முடித்தால் ஒரு டாக்சிக் காசும் ஒரு நாள் லீவும் மிச்சம். கட்டணத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

12. மூலப் பத்திரம் எங்கே இருக்கும்

நீதிமன்றம் கேட்பது மூலப் பத்திரத்தை. நகல் ஐம்பது இருந்தாலும், பெற்றோர் கையில் இருந்த மூலம் காணாமல் போனால், அவரே கிழித்துப் போட்டார் என்றுதான் சட்டம் முதலில் நினைக்கும். அதை மாற்றி நிரூபிப்பது நம் பாடு.

வங்கிப் பெட்டகம் பாதுகாப்பானதுதான். ஆனால் பெட்டகம் இறந்தவரின் தனிப்பெயரில் இருந்தால் அதைத் திறக்கவே பாடு படவேண்டும், திறக்க வேண்டிய அதிகாரத்தைத் தரும் தாளோ அதற்குள்ளேயே கிடக்கும். சட்ட அமைச்சின் கீழுள்ள உயில் பதிவகத்தில் விவரத்தைப் பதியுங்கள். அங்கே பத்திரத்தை வாங்கி வைப்பதில்லை. யார் எழுதியது, என்று எழுதியது, எங்கே இருக்கிறது என்ற தகவலை மட்டும் வைத்திருப்பார்கள். இடம் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள்.

ஸ்டேப்ளரைப் பிரிக்காதீர்கள். நகல் எடுக்கவென்று பின்னைக் கழற்றி மறுபடி அடித்தால் தாளில் இரட்டைத் துளை தெரியும். உயிலை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தும் புரோபேட் மனுப் போடும்போது, இதோடு வேறு தாள் இருந்ததா என்று கேள்வி வரும். விளக்கிப் பிரமாணம் எழுத லாயர் தனியாகக் காசு கேட்பார். கிளிப்கூடப் போடாமல், உறையில் தட்டையாக வையுங்கள். நகல் வேண்டுமானால் கையெழுத்தான அன்றே அலுவலகத்தில் ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு உறைகளும் அம்மாவின் இரும்பு அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. சாவி எங்கே என்று எனக்கும் தங்கைக்கும் தெரியும். உறையின் மேல் லாயர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும், நிறைவேற்றுநர்களின் பெயரும், உயில் பதிவகத்தில் பதிந்த தேதியும் அப்பாவின் கையெழுத்தில் இருக்கின்றன.